காணாக்கடிக்குக் காரணம் தேடிப் பாளையங்கோட்டை போய்வந்த விவரம்

இது இப்படித்தான் முடியும் என்று முதல் நாளே சொன்னவன் நான். பாளையங்கோட்டைக்குப் போவோம், டாக்டர் கையை விரிக்கமாட்டார், காரணம் அகப்படும், கல்யாணம் குறித்த நாளில் நடக்கும், மாமன் மாலையை நான்தான் எடுத்துக் கொடுப்பேன் என்று ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னேன். சொன்னபோது பக்கத்தில் ஆள் இல்லாததால் சாட்சிக்கு யாரும் இல்லை. அதனால் சொன்னது சொல்லாமல் போய்விடாது.

என் பெயர் ஆவுடையப்பன். கல்லிடைக்குறிச்சி ரயில் ஸ்டேஷனுக்குத் தெற்கே ஒன்றரை மைலில் எங்கள் ஊர். படிப்பு மூன்றாம் வகுப்பு. நாலாம் வகுப்பு வாத்தியாரிடம் எனக்குச் சொல்லிக்கொடுக்கச் சரக்கு இல்லாததால் அத்தோடு நின்றுவிட்டேன். என்னைப் போல நல்ல வயதுக்கு வந்தபிறகு உடம்பில் காரணம் தெரியாத தடிப்பும் அரிப்பும் வந்து, எங்கே போவது, எத்தனை நாள் ஆகும், என்ன செலவாகும் என்று தெரியாமல் இருப்பவர்கள் நம் ஜில்லாவில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் எழுத்து கொஞ்சம் வேகமாகப் போகும். நிதானமாகப் படிக்கவும்.

முப்பத்தெட்டு வயது வரை என் தோலில் உட்காரக் கொசுவும் யோசிக்கும். முப்பத்தொன்பதில் ஆனித் தேர் பார்க்கத் திருநெல்வேலி போய்வந்தேன். மறுநாள் இடுப்பில் இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, தடித்து, கொப்புளம் கட்டி நீர் வடிந்தது. பிடரியிலும் அதே மாதிரி ஒன்று. இருபது நாள் அரித்தெடுத்துவிட்டு, கறுத்த தழும்பு வைத்துவிட்டுப் போனது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி எதுவோ கடித்திருக்கிறது, காணாக்கடி என்றார்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். அடுத்து ஒரு வரப்புத் தகராறில் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போனேன். நான் சொன்ன சாட்சியைக் கேட்டு எதிர்க்கட்சி வக்கீலே தலையாட்டினார். அதற்கு மறுநாளும் அதே இரண்டு இடத்தில் காணாக்கடி. நான் எங்கே போனாலும் சனம் என்னைத்தான் பார்க்கும் என்பதால் இது கண் திருஷ்டி என்று நானே முடிவுகட்டி, பூசணிக்காய் சுற்றி உடைத்தேன்.

மூன்றாம் முறை வந்ததுதான் வினை. என் அக்கா பிரமுவுக்கு ஒரே மகள் கோமதி. எனக்குப் பிள்ளை இல்லை. கோமதி நடை பழகினதே என் விரலைப் பிடித்துத்தான். அவளுக்கு வீரவநல்லூரில் மாப்பிள்ளை பார்த்து, நிச்சயதாம்பூலம் வைத்தோம். முதல்நாளே புதுசாக வெளுத்துவந்த வேட்டியை உடுத்து, துண்டைத் தோளில் போட்டு, வந்தவர்களை நான்தான் வரவேற்றேன். மறுநாள் தட்டு மாற்றும்போது பிடரியில் கொப்புளம் உடைந்து நீர் வழிந்திருக்கிறது. சம்பந்தி வேலாயுதம் பிள்ளை பார்த்துவிட்டார். நாலாம் நாள் தரகர் வந்து சொன்னார்: தாய்மாமன் உடம்பில் இருப்பது குஷ்டம் என்கிற பெருநோயோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள், அது ரத்தத்தில் வருகிறது என்று ஒரு பேச்சு இருக்கிறது, டாக்டர் கைச்சீட்டு காட்டினால் மேற்கொண்டு பேசலாம், இல்லாவிட்டால் இதோடு விட்டுவிடலாம். முகூர்த்தத்துக்குப் பதினேழு நாள் இருந்தது.

அக்கா அடுப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கோமதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் நடுவீட்டில் எழுந்து நின்றேன். “ஒருத்தரும் பயப்பட வேண்டாம். நாளைக் காலை வண்டியில நானே பாளையங்கோட்டைக்குப் போறேன். டாக்டர் கையால எழுதி வாங்கிட்டு வாரேன்” என்றேன். கூடியிருந்தவர்கள் என் தைரியத்தைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள்.

இனிப் பயணம். காலை ஏழு இருபதுக்குக் கல்லிடைக்குறிச்சியில் வண்டி. எங்கள் பக்கம் ரயில் வந்து இன்னும் பத்து வருஷம் நிறையவில்லை. ஆனாலும் ஸ்டேஷன் மாஸ்டர் என்னைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். (கொடி காட்டவும் எழுந்திருக்கலாம்.) நான் ஐந்தரை மணிக்கே போய்விட்டேன். கையில் பெரிய மூட்டை: நாலு வேட்டி, ரெண்டு துண்டு, ஒரு கம்பளி, செம்பு. ஆஸ்பத்திரிக்கு எதற்கு இத்தனை என்று கேட்பீர்கள். என் முன்யோசனை அப்படி.

வண்டி வருகிற சமயத்தில் அக்காவின் புருஷன் சங்கரலிங்கம் அத்தான் மேல்சட்டை இல்லாமல், இடுப்பு வேட்டியும் ஒரு துண்டுமாக ஓடி வந்தார். ஐம்பத்திரண்டு வயது மனிதர் ஒன்றரை மைலை ஓடிக் கடந்திருக்கிறார். எனக்குத் துணையாகத் திருநெல்வேலி பார்க்க அவருக்கு அவ்வளவு ஆசை. மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு டிக்கெட்டை வாங்கி என் பின்னாலேயே ஏறினார். ஏறினவுடன் என் மூட்டையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். திருநெல்வேலி வரை கீழே வைக்கவில்லை.

மூன்றாம் வகுப்பில் நல்ல கூட்டம். ஆனால் எங்கள் பலகையில் இருந்தவர்கள் என் பிடரியைப் பார்த்ததும் ஒவ்வொருவராக எழுந்து மரியாதையாக வேறு இடம் போய்விட்டார்கள். முழுப் பலகையும் எங்களுக்கு. அவ்வளவு இடம் இருந்தும் அத்தான் என் தோளோடு தோள் ஒட்டித்தான் உட்கார்ந்தார். எதிர்ப்பலகையில் ஒரு வெற்றிலை வியாபாரி மட்டும் நகராமல் இருந்தார்.

“அண்ணாச்சி எங்கன பயணம்?” என்று கேட்டார் அவர்.

“கலெக்டர் துரை பார்க்கணும்னு சொல்லி விட்டாரு” என்றேன்.

“ஆஸ்பத்திரிக்கு” என்றார் அத்தான்.

“ரெண்டும் ஒரே பக்கந்தான்” என்றார் வியாபாரி. கவுளிக் கட்டில் இருந்து நாலு வெற்றிலை எடுத்து என்னிடம் நீட்டினார். கையில் கை படக் கொடுத்தார். அவர் பெயர் கேட்க மறந்துவிட்டேன். நன்றாக இருக்கட்டும்.

வீரவநல்லூர் வந்தபோது அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். சம்பந்தி ஊர் அல்லவா. சேரன்மாதேவி தாண்டியதும் வண்டி பாலத்தின் மேல் ஏறுகிறது. கீழே பொருநை. இடது பக்கம் உட்கார்ந்தால் மலை தெரியும், வலது பக்கம் வயல் தெரியும். தை மாதம் தண்ணீர் தெளிந்து ஓடுகிறது. கன்றுக்குட்டி நீளத்துக்கு ஒரு மீன் துள்ளினதை நான் பார்த்தேன். அத்தான் பார்க்கவில்லை. பேட்டை வந்து, டவுண் வந்து, எட்டு ஐம்பதுக்கு ஜங்ஷன். மொத்தம் இருபது மைல், ஒன்றரை மணி நேரம். நாங்கள் இறங்கினபிறகும் வண்டி கிளம்பிப் போகிற வரை அத்தான் மேடையை விட்டு நகரவில்லை. ரயில் போவதைப் பார்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு பிரியம்.

ஜங்ஷன் வாசலில் ஜட்கா வண்டிகள் நிற்கும். பாளையங்கோட்டைக்கு மூன்று மைல். ஆறணா கேட்பார்கள், மூன்றணாவுக்கு வருவார்கள். எங்களுக்கு வாய்த்தவர் மேலப்பாளையத்து மீரான் சாயபு. குதிரை அரபு தேசத்துக் குதிரை என்றார். எனக்கு அது நம்மூர்க் குதிரையாகத்தான் தெரிந்தது, ஆனாலும் நான் குதிரை விஷயத்தில் விவாதம் செய்வதில்லை.

“நடுவாக்குல உக்காருங்க அண்ணாச்சி. ஒரு பக்கம் சாஞ்சா அதுக்குக் கோவம் வரும்” என்றவர், நான் இடுப்பைச் சொறிவதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். “உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. காணாக்கடி.”

“ஞானமுத்து டாக்டருட்ட போங்க. நமக்கு ரெண்டு வருசமா காலு வீங்கிக் கெடந்தது. சோத்தை மாத்துன்னாரு, அம்புட்டுத்தான். பைசா வாங்கல. கொஞ்சம் நக்கலாப் பேசுவாரு. மனசுல வச்சுக்கிடாதீங்க.”

ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வண்ணார்பேட்டை வழியாக வண்டி போகிறது. மணல் முழுக்க வெள்ளைத் துணி காய்கிறது. பார்க்கக் கொக்குக்கூட்டம் இறங்கினதுபோல இருக்கும். முக்கால் மணி நேரத்தில் டாக்டர் வீட்டு வாசல். கிறிஸ்தவர்களின் வேதக்கோயில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில், முன்னறையை ஆஸ்பத்திரியாக வைத்திருக்கிறார். காலை பத்து மணிக்குள் போனால் முதல் இருபது பேரில் பார்த்துவிடலாம். பெரிய மனிதர், சின்ன மனிதர் என்று பார்ப்பதில்லை. நான் யார் என்று கம்பவுண்டரிடம் விளக்கமாகச் சொன்னேன். “பத்தொன்பதாவது ஆளு” என்று எழுதிக்கொண்டார்.

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, முதலில் என் தழும்புகளைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடச் சொல்லி, ஒரு கோழியிறகால் தடவினார். தொட்ட இடத்தை நான் விரலால் காட்டவேண்டும். அடுத்து ஊசியால் மெல்லக் குத்தினார். பின்பு ஒரு கண்ணாடிக் குழாயில் வெந்நீர், ஒன்றில் பச்சைத் தண்ணீர், எது எது என்று சொல்லவேண்டும். முழங்கை நரம்பை உருட்டிப் பார்த்தார். பெருநோய் என்றால் அந்த இடத்தில் உணர்ச்சி மங்கிப்போய் இருக்குமாம். எனக்கு ஊசி பட்ட ஒவ்வொரு இடத்திலும் நன்றாகவே தெரிந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ராஜா மாதிரி இருந்தேன். தெருவில் ரெண்டு பேர் எட்டிப் பார்த்தது வேறு ஏதோ சத்தத்துக்கு.

“கண்ணைத் தெறயும்வே” என்றார் டாக்டர். “இது பெருநோய் இல்ல. சத்தியமாச் சொல்லுதேன், இல்ல.”

அத்தான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முகம் வேர்த்திருக்கும். வெயில் நேரம்.

“அப்ப என்னன்னு எழுதிக் குடுங்க” என்றார் அத்தான், துண்டை எடுக்காமல்.

“என்ன இல்லன்னு எழுதலாம். என்னன்னு எழுதணும்னா பார்க்கணும். கல்யாணத்தன்னிக்கு மணவறையில நிக்கும்போது திரும்ப வந்துட்டா என் சீட்டை எவன் நம்புவான்?”

அது நியாயமாகப் பட்டது. நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டார்.

சிலருடைய தோலுக்கு ஏதோ ஒரு சாமான் ஆகாமல் போய்விடும் என்று விளக்கினார். பத்து வருஷம் தொட்டும் ஒன்றும் செய்யாது. திடீரென்று ஒரு நாள் உடம்பு அதன்மேல் கோபித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு தொட்ட போதெல்லாம் பொங்கும். எந்தச் சாமான் என்று கண்டுபிடிக்க ஒரே வழி, சந்தேகப்படுகிறதை எல்லாம் துளித்துளியாகத் தோலில் வைத்துக் கட்டி, ரெண்டு நாள் கழித்துப் பார்ப்பது. நான் தொடுகிற சாமான்களைக் கேட்டார். வரிசையாகச் சொன்னேன். சந்தனம், புகையிலை, நல்லெண்ணெய், சவுக்காரம், துணிக்குப் போடுகிற கஞ்சி, அத்தர். அத்தர் நான் போடுவதில்லை, இருந்தாலும் சொல்லிவைத்தேன். ஆறையும் ஆறு சின்னப் பஞ்சில் தொட்டு, என் வலது கையின் உள்பக்கம் மேலிருந்து கீழாக வைத்தார். சுற்றிக் கட்டக் கம்பவுண்டர் ஒரு பழந்துணி கொண்டுவந்தார்.

“யாருக்குக் கட்டின துணியோ. என் கைக்கு என் துணிதான்” என்றேன்.

“வெந்நீர்ல அவிச்சதுதான் அண்ணாச்சி” என்றார் கம்பவுண்டர்.

“இருக்கட்டும்.”

அத்தான் வேறு வழியில்லாமல் மூட்டையை அவிழ்த்து, வெளுத்து மடித்து வைத்திருந்த புது வேட்டி ஒன்றின் ஓரத்தை நீளமாகக் கிழித்துக் கொடுத்தார். அதால் மணிக்கட்டு முதல் முழங்கைக்கு மேல் வரை சுற்றி முடிச்சுப் போட்டார்கள்.

“ரெண்டு நாளைக்கு இதுல தண்ணி படப்படாது. குளிக்காதிரும்” என்றார் டாக்டர்.

இதைப் படிக்கிறவர்கள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு போகவும். தாமிரபரணிக் கரையில் பிறந்தவனைப் பார்த்துச் சொல்லத்தகுந்த வார்த்தையா அது. சோறு இல்லாமல் இருக்கலாம். ஜங்ஷன் பக்கம் ஒரு சத்திரத்தில் தங்கினோம். படுக்க இடம் இனாம், விளக்குக்கு மட்டும் அரையணா. சாப்பாடு பக்கத்துக் கிளப்பில், ஆளுக்கு ரெண்டணா, மோர் தாராளம். காலையில் அத்தான் ஆற்றில் இறங்கி முங்கி முங்கிக் குளிக்கிறார். நான் கரையில் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

“ஏலே மாப்ளே, கால மட்டுமாது நனையேன்” என்றார் அத்தான்.

“காலை நனைச்சா இடுப்பு கேக்கும். இடுப்பை நனைச்சா கை கேக்கும். வேண்டாம்.”

அன்று முழுக்க அவர் என்னைத் தனியே விடவில்லை. வெற்றிலை வாங்கப் போனாலும் கூடவே வந்தார். சத்திரத்தில் என் மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டுதான் படுத்தார்.

ரெண்டாம் நாள் சாயங்காலம் முதலே கையில் ஒரு இடம் நமநம என்று அரிக்க ஆரம்பித்தது. சந்தனமாகத்தான் இருக்கும் என்று அத்தானிடம் பந்தயம் கட்டினேன். மூன்றாம் நாள் காலை டாக்டர் கட்டை அவிழ்த்தார். ஆறு பஞ்சையும் எடுத்தார். ஆறு இடமும் பிறந்த குழந்தை கன்னம் மாதிரி சுத்தமாக இருந்தது. அத்தான் முகம் தொங்கிப்போனது. அப்போது கம்பவுண்டர் என் முழங்கைக்கு மேலே காட்டினார். கட்டின் முடிச்சு இருந்த இடம். அங்கே ரூபாய் அகலத்துக்குச் சிவந்து, மேலே சின்னச் சின்னக் கொப்புளம், என் இடுப்பில் வருகிறதே, அச்சு அசல் அதேதான்.

டாக்டர் அந்தத் துணிக் கிழிசலை வெளிச்சத்தில் பிடித்தார். முடிச்சில் வந்திருந்தது வேட்டியின் முனை. முனையில் கறுப்பாக ஒரு அடையாளம்.

“இது என்னவே?”

“எங்க ஊர்ல துணி வெளுக்கிற மாடன் போட்ட குறி. எந்த வீட்டுத் துணின்னு தெரியணும்லா. எங்க வீட்டுக்கு மூணு புள்ளி, ஒரு கோடு.”

“ஊரெல்லாம் துணியில குறி பாத்திருக்கேன். மிளகு அளவுக்கு இருக்கும். இது என்ன, கோயில் மாடத்துல கோலம் போட்ட மாதிரி?”

உண்மையில் இது என் ஏற்பாடு. ரெண்டு வருஷத்துக்கு முன்னே என் துண்டு ஒன்று வேறு வீட்டுக்குப் போய்விட்டது. அதிலிருந்து என் துணிக்கு மட்டும் குறி பெரிதாக, தூரத்தில் இருந்தே தெரிகிற மாதிரி போடவேண்டும் என்று மாடனுக்கு உத்தரவு போட்டிருந்தேன். ஊரில் வேறு யாருக்கும் அப்படி ஒரு குறி கிடையாது.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். வெளுக்கிறவர்கள் குறி போடுவது சேராங்கொட்டைப் பாலால். கொட்டையை முள்ளால் குத்தி, வருகிற பாலைத் துணியில் தொட்டு, மேலே சுண்ணாம்பு வைத்தால் கறுத்துவிடும். துணி கிழிந்தாலும் குறி போகாது. அந்தப் பால் சிலருடைய தோலுக்குப் பரம விரோதி. புதுக்குறி என்றால் கடுமை, வெளுக்க வெளுக்கக் குறையும். வேட்டி முனையைச் சொருகுகிற இடம் இடது இடுப்பு. துண்டு முனை படுகிற இடம் பிடரி. விசேஷத்துக்கெல்லாம் புதுசு புதுசாகக் குறி போட்டு வந்த துணியை உடுத்துவேன். விசேஷம் முடிந்த மறுநாள் பொங்கும். சாதாரண நாளில் பழைய துணி, அதனால் ஒன்றும் இல்லை. டாக்டர் சொல்லச் சொல்ல, நான் முன்பே நினைத்தது எல்லாம் அப்படியே சரியாக இருந்தது.

“இருந்தாலும் இன்னொரு வாட்டி பார்த்துருவோம்” என்றார் டாக்டர். அதே வேட்டியில் குறி உள்ள துண்டு ஒன்று, குறி இல்லாத துண்டு ஒன்று வெட்டி, என் இடது கையில் தள்ளித்தள்ளி வைத்தார்.

அத்தான் தன் கையை நீட்டினார். “எனக்கும் ஒண்ணு வையிங்க. எனக்கு வரலன்னா ஒட்டுவாரொட்டி இல்லன்னு ஆயிடும்லா.”

டாக்டர் அவர் கையைப் பிடித்தார். “நல்ல யோசனை அண்ணாச்சி. நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கணும்” என்று சொல்லி அவருக்கும் குறித்துண்டை வைத்துக் கட்டினார். இந்த முறை ஆஸ்பத்திரித் துணியில் கட்டினார்கள். நான் ஆட்சேபிக்கவில்லை.

இன்னும் ரெண்டு நாள் குளிக்கவில்லை. அத்தானும் குளிக்கவில்லை. சத்திரத்திலும் மற்றவர்கள் எங்களுக்கு மரியாதையாக இடம் விட்டுப் படுத்தார்கள். ஐந்தாம் நாள் அவிழ்த்தபோது என் கையில் குறி வைத்த இடம் பொங்கியிருந்தது. குறி இல்லாத துண்டு வைத்த இடம் சுத்தம். அத்தான் கையில் ஒரு புள்ளி கிடையாது. டாக்டர் தமிழில் ஒரு முழுப்பக்கம் எழுதினார். இது பெருநோய் அல்ல, ஒட்டாது, பரம்பரையில் வராது, சேராங்கொட்டைக் குறியால் வந்தது, என் கண்முன்னே ரெண்டு முறை சோதித்துப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். கட்டணம் எட்டணா. சுண்ணாம்புத் தண்ணீரும் எண்ணெயும் கலந்த மருந்துக்கு ரெண்டணா. தொண்ணூறு வயதில் ஒருவருக்கு இருக்கிற அனுபவம் அவருக்கு அந்த வயதிலேயே இருக்கிறது. அவர் குடும்பம் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். அவர் கும்பிடுகிற சாமி வேறு என்பதால் ரெண்டு சாமியிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

திரும்பும்போது நேரே வீரவநல்லூரில் இறங்கினோம். வேலாயுதம் பிள்ளை சீட்டை ரெண்டு தடவை படித்தார். பிறகு தன் தோளில் இருந்த துண்டின் முனையைத் திருப்பிப் பார்த்தார். அதிலும் ஒரு குறி, கடுகு போல.

“எனக்கு ஒண்ணும் செய்யலியே” என்றார்.

“எனக்கும் வச்சுப் பார்த்தாரு. ஒண்ணும் செய்யல” என்று அத்தான் கையை நீட்டிக் காட்டினார்.

சம்பந்தி அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். அடுத்து என் கையையும் பிடித்தார். பிடித்த கையை விடாமலே, “வந்த காலோட நிக்காதீங்க, காப்பி குடிக்கணும். நான் கேட்டனுப்பினதைத் தப்பா எடுத்துக்கிடப்படாது. பையனைப் பெத்தவன் பயந்துட்டேன்” என்றார்.

“நீங்க கேட்டதுதான் நல்லதாப் போச்சு” என்று நான் சொன்னேன். அது நான் யோசித்துச் சொன்னதில்லை, தானாக வந்தது.

ஊருக்கு வந்து மாடனைக் கூப்பிட்டு விவரம் சொன்னேன். அவன் பயந்துபோய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “நான் எல்லாருக்கும் சிறுசாத்தான் போடுதேன். நீங்கதான அய்யா பெருசாப் போடச் சொன்னிய” என்றான். இப்போது என் துணிக்கு மட்டும் குறிக்குப் பதில் முனையில் சிவப்பு நூலால் மூன்று தையல் போடுகிறான். கல்யாணத்துக்கு நான் உடுத்த வேட்டிகளை அவனே தனியாக வெளுத்துத் தனியாகக் கொண்டுவந்தான். அவனுக்கும் என் நன்றி. கோமதி கழுத்தில் மாமன் மாலையை நான் போட்டேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் என் உடம்பில் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் கோமதி மறுவீடு கிளம்பும்போது பிடரியைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறினாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். ஐந்து நாள் கைவசம் வைத்துக்கொண்டு போகவும். ஒரே நாளில் திரும்பலாம் என்று நம்பவேண்டாம். நீங்கள் உடுத்துகிறது, பூசுகிறது, மெல்லுகிறது எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துப்போகவும். எப்போதெல்லாம் வந்தது, அதற்கு முந்தின நாள் என்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால் டாக்டருக்கு வேலை பாதி. துணைக்கு ஆள் கூட இருப்பது அவசியம், அதுவும் வாய் பேசாத ஆளாக இருந்தால் நல்லது. ஜட்கா, சத்திரம், சாப்பாடு விலைகள் மேலே இருக்கின்றன. கல்லிடைக்குறிச்சியில் இருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்கு மூன்றாம் வகுப்பு ரயில் கட்டணம் நாலணா.

அந்த நாலணாவை நான் அத்தானிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். நான் எடுத்த டிக்கெட் அது இல்லை.

இதை எழுதி முடித்து அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். நடுவீட்டில் எழுந்து நின்று பேசினேன் என்று வருகிற இடத்தில் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் முன்னே பின்னே இருக்கலாம், மீன் நீளம் குறையலாம். ஆனால் அந்த இடம் முழுப்பொய். நான் எழுந்து நிற்கவே இல்லை. அது பெருநோய்தான் என்று நம்பிவிட்டேன். நான் ஊரில் இல்லாமல் போனால் கோமதி கல்யாணம் நடந்துவிடும் என்று, விடியுமுன்னே பின்வாசல் வழியாக மூட்டையோடு கிளம்பினேன். தூத்துக்குடி போய்க் கொழும்புக் கப்பல் ஏறுவதாக இருந்தேன். என் டிக்கெட் தூத்துக்குடிக்கு. திருநெல்வேலியில் அத்தான் மூட்டையோடு இறங்கி மேடையில் நின்றுகொண்டார். நான் இறங்கவில்லை.

“இறங்கி வாலே” என்றார்.

“அதுவா இருந்தா என்ன செய்ய அத்தான்?”

“இருந்துட்டுப் போகட்டும். நீ இல்லாம அவ மணவறையில உக்கார மாட்டேங்கா. ராத்திரியே சொல்லிட்டா. பைய இறங்கு.”

இறங்கினேன். தூத்துக்குடிக்கு டிக்கெட் எடுத்துவிட்டுத் திருநெல்வேலியில் இறங்கினால் மீதித் தூரத்துக்குக் காசு திருப்பித் தரமாட்டார்கள். நான் கேட்டுப் பார்த்தேன்.